களத்துப் பங்கும் கரிசல் மழையும்: அறுவடையில் யாருக்கு உரிமை?

1. கேள்வி

விளைச்சலில் பங்கு தரும் பண்ணைகளைப் பற்றி இயற்கை வேளாண்மை வட்டாரங்களில் இப்போது நிறையப் பேசப்படுகிறது. பருவத் தொடக்கத்திலேயே உறுப்பினர்கள் பண்ணைக்குப் பணம் கட்டிவிடுகிறார்கள். விளைந்ததை வாரந்தோறும் பங்காகப் பெற்றுக்கொள்கிறார்கள். விளைச்சல் குறைந்தால் பங்கும் குறையும்; கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்க முடியாது. ஜப்பானில் 1971இல் தொடங்கிய இயற்கை வேளாண்மைச் சங்கத்தை ஒட்டி, உழவரும் நகரத்துக் குடும்பங்களும் நேரடியாக உடன்பாடு செய்துகொள்ளும் 'தெய்க்கெய்' முறை வளர்ந்தது. அமெரிக்காவில் 1986இல் மாசசூசெட்ஸின் இந்தியன் லைன் பண்ணையும் நியூ ஹாம்ப்ஷையரின் டெம்பிள்-வில்டன் பண்ணையும் இதேபோன்ற முறையைத் தொடங்கின. 'சமூக ஆதரவு வேளாண்மை' என்ற பெயரில் இது பின்னர் பல நாடுகளுக்கும் பரவியது.

தமிழ்நாட்டில் இதை எடுத்துச் சொன்னவுடன் ஒரு பதில் வரும்: 'இது நம்மிடம் ஏற்கனவே இருந்ததுதானே. களத்துமேட்டில் பொலி அளக்கும்போதே ஆசாரிக்கு, வண்ணாருக்கு, பூசாரிக்கு, பிச்சைக்கு வந்தவருக்கு என்று ஊருக்கெல்லாம் பங்கு பிரித்தோமே.' இந்தப் பதிலில் உண்மை இருக்கிறது. ஆனால் எவ்வளவு உண்மை என்பதை யாரும் அளந்து பார்ப்பதில்லை. கோவில்பட்டியை நடுவாக வைத்து எட்டயபுரம், விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம், சாத்தூர் என்று விரியும் கரிசல் புஞ்சைக் காட்டை முன்வைத்து இந்தப் பதிலைச் சோதிப்பதே இக்கட்டுரையின் நோக்கம். களத்தில் யார் எந்த அடிப்படையில் பங்கு பெற்றார்கள்? மழை பொய்த்த வருசத்தின் நட்டத்தை யார் சுமந்தார்கள்? இன்று பங்குப் பண்ணை தொடங்க நினைப்பவர்கள் அந்தப் பழைய ஏற்பாட்டிலிருந்து எதை எடுத்துக்கொள்ள வேண்டும், எதை விட்டுவிட வேண்டும்?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிலமில்லாதவருக்கும் விளைச்சலின் மேல் ஓர் உரிமை உண்டு என்பதைப் பழைய களம் ஒத்துக்கொண்டது. ஆனால் அந்த உரிமையைச் சாதியோடு கட்டிப்போட்டிருந்தது. அதற்குப் பின் வந்த சட்டங்களும் திட்டங்களும் கூட்டுப் பண்ணை முயற்சிகளும் சாதிக்கட்டை அவிழ்த்தபோது உரிமையையும் சேர்த்தே கைவிட்டுவிட்டன.

2. ஐப்பசி இங்கே அறுவடை மாதம் இல்லை

குளிர்நாட்டுப் பங்குப் பண்ணையில் செப்டம்பரும் அக்டோபரும்தான் கூடை நிறையும் மாதங்கள். இலையுதிர்கால அறுவடைப் பங்கு அங்கே பண்டிகைபோல் வரும். கரிசலில் அதே மாதங்கள் கையிருப்பெல்லாம் மண்ணுக்குள் போகும் மாதங்கள். இந்த வேறுபாட்டைக் கருதாமல் அந்த முறையை இங்கே கொண்டுவந்தால் அது நிலைக்காது.

கரிசலில் களிமண் மிகுதி. ஈரம் பட்டால் உப்பும். வெயிலில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். சித்திரையில் அந்த வெடிப்புக்குள் முழங்கை வரை கையை விடலாம். வடகிழக்குப் பருவமழைதான் இந்தப் பூமிக்கு ஆதாரம். அந்த மழை ஐப்பசி, கார்த்திகையில் வலுத்துவிட்டால் காட்டுக்குள் கால் வைக்க முடியாது. கலப்பையும் இறங்காது, டிராக்டரும் இறங்காது. ஆகவே மழைக்கு முன்பே, புரட்டாசியில், காய்ந்த மண்ணிலேயே விதைத்துவிட வேண்டும். 1901இல் தொடங்கப்பட்ட கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் மானாவாரி வேளாண்மையில் நெடுங்காலமாகச் செய்துவரும் பணிகளில் இந்த முன்பருவ விதைப்பும் ஒன்று. சோளத்தை 5 செ.மீ. ஆழத்தில் விதைக்கச் சொல்கிறார்கள். அவ்வளவு ஆழத்தில் கிடக்கும் விதை சிறு தூறலில் ஏமாந்து முளைக்காது; மண் நன்றாக நனைந்த பிறகே முளைக்கும். அதுவரை எறும்புக்கும் பறவைக்கும் தப்பிக் கிடக்க வேண்டும்.

ஆகவே உழவு, விதை, உரம் என்று சம்சாரி என்று அழைக்கப்படும் கரிசல் உழவரின் பெருஞ்செலவு முழுவதும் மழை வருமா வராதா என்று தெரியாத புரட்டாசியிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. கார்த்திகையில் களையெடுப்பு. 65 முதல் 75 நாளில் வரும் உளுந்தும் பாசியும் மார்கழிக் கடைசியிலும் தையிலும் வீடு சேரும். கம்பு, குதிரைவாலி, சோளம், மல்லி ஆகியவை தையிலும் மாசியிலும் வரும். பருத்தியும் மிளகாயும் மாசி தொடங்கிப் பங்குனி தாண்டியும் பல எடுப்புகளாக வரும். அதன்பின் காடு வெறிச்சோடும். தரிசில் ஆட்டுக்கிடை போடுவார்கள். கி.ராஜநாராயணனின் 'கிடை' குறுநாவல் அந்த இடையர் வாழ்வைக் களமாகக் கொண்டது. புழுக்கைக்காகக் கிடை அமர்த்தும் சம்சாரி கிடைத் தலைவரான கீதாரிக்குத் தவசம் கொடுப்பார். அதுவும் விளைச்சலில் ஒரு பங்குதான். அடுத்த விளைச்சலை நம்பிக் கொடுக்கும் பங்கு. கோடையில் வேலையற்றவர்கள் கோவில்பட்டித் தீப்பெட்டி ஆலைகளுக்குப் போவார்கள். சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுவார்கள்.

கரிசல் தரும் விளைச்சல் பெரும்பாலும் உலர்ந்த தவசம், சேமித்து வைக்கக்கூடியது. வாரக்கூடைக்கு வேண்டிய கீரையும் தக்காளியும் மானாவாரிக் காட்டில் தொடர்ந்து கிடைக்காது. இங்கே பங்கு என்றால் வருசத்துக்கு ஒருமுறை, தைக்கும் பங்குனிக்கும் இடையில், மூட்டையாக வருவது. குலுக்கையில் கொட்டி அடுத்த தை வரை தின்பது.

3. பொலியின் மேல் கட்டிய கோட்பாடு

களத்தில் தவசம் பிரித்தது பற்றிய ஆய்வுகளுக்கு நீண்ட வரலாறு உண்டு. வில்லியம் வைசர் 1936இல் வட இந்தியக் கிராமம் ஒன்றை வைத்து, தொழிற்சாதிகளுக்குத் தவசம் தரும் 'ஜஜ்மானி' முறையை விவரித்தார். வால்டர் நீல் 1957இல் தவசக் குவியலையே கிராமப் பொருளாதாரத்தின் மையமாகக் காட்டினார். குவியலிலிருந்து அரசுக்கும் கோவிலுக்கும் தொழிலாளருக்கும் முறைப்படி பங்கு போனது. சந்தையும் பணமும் இல்லாமலே ஊர் இயங்கியது என்பது அந்தச் சித்திரத்தின் சாரம். தமிழகத்தில் இதற்கு வலுவான ஆதாரம் ஒன்றும் கிடைத்தது. 1767க்கும் 1774க்கும் இடையில் தாமஸ் பர்னார்டு செங்கல்பட்டுப் பகுதி ஊர்களில் எடுத்த கணக்கெடுப்பில், குவியலை அளக்குமுன் யாருக்கு எவ்வளவு, அளந்தபின் யாருக்கு எவ்வளவு என்று ஊர்வாரியாகப் பதிவாகியிருக்கிறது. சென்னையிலுள்ள கொள்கை ஆய்வு மையம் அந்த ஓலைச்சுவடிகளையும் ஆவணங்களையும் படித்து வெளியிட்ட நூல்கள், பழைய ஊர் தன்னைத்தானே பேணிக்கொண்ட நிறுவனம் என்ற கருத்துக்கு வலுவூட்டின.

எதிர்வாதமும் எழுந்தது. 1989இல் கிறிஸ்டபர் ஃபுல்லர் எழுதிய கட்டுரை, தவசக் குவியலை அறிஞர்கள் தவறாகவே புரிந்துகொண்டார்கள் என்று தலைப்பிலேயே அறிவித்தது. களத்துப் பங்கு, வீட்டுக்கு வீடு கொடுக்கும் வருசக் கூலி, அரசு வரி ஆகிய வெவ்வேறு ஏற்பாடுகளை ஒரே முறை என்று கட்டிவிட்டார்கள். பிரிட்டிஷார் வருவதற்கு வெகுகாலம் முன்பே கிராமத்தில் பணம் புழங்கியதை மறந்துவிட்டார்கள் என்பது அவர் வாதம். 1993இல் பீட்டர் மேயர் இன்னும் ஒருபடி மேலே போய், வட இந்திய ஜஜ்மானி முறையே பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருவானதுதான் என்றார்.

இந்த வாதங்களில் ஃபுல்லர் பக்கமே நியாயம் கூடுதல் என்று கருதுகிறேன். கரிசலுக்கென்று இன்னொரு காரணமும் சேர்கிறது. செங்கல்பட்டுச் சான்று ஏரிப்பாசன நெல்லைச் சார்ந்தது. நெல்லென்றால் ஓர் ஊர், ஒரு களம், ஒரு குவியல். டேவிட் லட்டன் 1985இல் வெளியிட்ட நூலில் திருநெல்வேலிச் சீமையை நஞ்சை, கலப்பு, புஞ்சை என்று மூன்று வட்டாரங்களாகப் பிரித்து, புஞ்சை வட்டாரத்தின் சமூகமும் உடைமையும் தாமிரபரணிக் கரையிலிருந்து எவ்வளவு வேறுபட்டவை என்று காட்டியிருக்கிறார். ஆற்றங்கரையின் பொலியை எடுத்து வந்து கரிசலில் கொட்டக்கூடாது.

4. களத்துக்கு வராத வெள்ளாமை

கரிசலில் களத்துமேட்டுக்கு வருவது சோளமும் கம்பும் குதிரைவாலியும் பயறுகளும். கதிரைக் களத்தில் பரப்பிக் காயவிட்டு, மாடுகளைப் பிணைத்து மிதிக்கவிடுவார்கள். மேல்காற்றோ வாடையோ, கிடைக்கும் காற்றைப் பார்த்துத் தூற்றுவார்கள். தூற்றிக் குவித்த பொலியின் மேல் சாணிப்பாலோ சாம்பலோ தெளித்துக் குறி போடுவார்கள். இரவில் யாரும் கை வைத்தால் காட்டிக்கொடுத்துவிடும். அளப்பவர் முதல் மரக்காலை 'ஒன்று' என்று சொல்லமாட்டார். 'லாபம்' என்று தொடங்கி 'ரெண்டு', 'மூணு' என்று போவார். சுற்றிலும் நார்ப்பெட்டியும் சுளகுமாக ஆட்கள் நிற்பார்கள். அறுத்தவருக்குக் கொத்து என்னும் தவசக் கூலி. கலப்பை செய்த தச்சருக்கும் பன்னரிவாள் தட்டிய கொல்லருக்கும் வருசக் கூலி. வெளுத்தவருக்கு, சவரம் செய்தவருக்கு, கமலைக்குத் தோல் தைத்தவருக்கு, ஊர்க்காவலுக்கு, கோவிலுக்கு எனத் தனித்தனியே. கடைசியில் களத்துப் பிச்சை. பண்டாரமும் குடுகுடுப்பைக்காரரும் எந்த ஊரில் எப்போது களம் கூடும் என்பதைத் தெரிந்து வைத்திருந்து வந்து சேர்வார்கள்.

கரிசலின் பெயரைச் சந்தைக்குக் கொண்டுபோன வெள்ளாமை பருத்தி. அது களத்துக்கு வரவே வராது. கருங்கண்ணிப் பருத்தியைப் பெண்கள் காட்டில் செடி செடியாக எடுத்து மடியில் போடுவார்கள். மடி நிறைந்ததும் வரப்பில் விரித்த துணியில் கொட்டுவார்கள். சாயங்காலம் அவரவர் எடுத்ததைச் சம்சாரி வீட்டு முற்றத்துக்குத் தூக்கி வந்து, அங்கே கூறு வைப்பார்கள். இத்தனை கூறுக்கு ஒரு கூறு எடுத்தவளுக்கு. எடுப்பின் தொடக்கத்தில் ஒரு விகிதம். காய் குறைந்து ஒரு மடி பருத்திக்குக் காடு முழுக்க நடக்க வேண்டிய கடைசி எடுப்பில், எடுப்பவளுக்குக் கூடுதலான இன்னொரு விகிதம். தன் கூறைத் தூக்கிக்கொண்டு அவள் கடைக்குப் போவாள். கடைக்காரர் பருத்தியை நிறுத்துப் பண்டம் கொடுப்பார். சேவுக்கும் மிட்டாய்க்கும் பருத்தி போட்ட பிள்ளைகளின் நினைவு அந்தத் தலைமுறைப் பெரியவர்கள் பலருக்கும் உண்டு. எடுப்பெல்லாம் முடிந்த காட்டில் விட்டுப்போன பஞ்சைப் பொறுக்கிக்கொள்ள யார் வேண்டுமானாலும் போகலாம். பருத்திமாரைப் பிடுங்கி அடுப்புக்கு எடுத்துக்கொள்ளவும் சம்சாரி விட்டுக்கொடுப்பார்.

களத்தில் நடந்த பங்கீட்டுக்கும் முற்றத்தில் நடந்த பங்கீட்டுக்கும் அடிப்படையிலேயே வேறுபாடு இருக்கிறது. களத்தில் பெற்றவர்கள் பெரும்பாலோர் சாதித்தொழிலின் பெயரால் பெற்றார்கள். பங்கு தலைமுறைக்குத் தலைமுறை ஒரே குடும்பத்துக்குப் போனது. ஊரைவிட்டுப் போனால் போயிற்று. பருத்தி முற்றத்தில் பங்கு அன்றைய வேலைக்கு உரியது. எந்தச் சாதிப் பெண் எடுத்தாலும் கூறு கூறுதான். கூறைக் கண்முன்னே பிரித்தார்கள். சம்சாரி வீட்டுப் பெண்களும் அதே காட்டில் நிரை பிடித்து எடுத்தார்கள். இன்றைய பங்குப் பண்ணைக்குக் கரிசலில் முன்மாதிரி தேடுகிறவர்கள் களத்துமேட்டைப் பார்ப்பதைவிட இந்த முற்றத்தைப் பார்ப்பது நல்லது. ஆய்வுகள் இதைப் போதிய அளவு கவனிக்கவில்லை. பெண்கள் வேலையாக இருந்ததும் சில்லறைக் கணக்காகத் தோன்றியதும் அதற்குக் காரணமாக இருக்கலாம்.

5. கொடுத்தவர் நினைவும் வாங்கியவர் நினைவும்

களத்துப் பங்கைப் பற்றிய இனிய நினைவுகள் எல்லாம் கொடுத்த வீட்டிலிருந்து வருகின்றன. சான்றுகளை எடைபோடும்போது இதை மறக்கக்கூடாது. நல்வாய்ப்பாகக் கரிசல் இலக்கியம் இரண்டு பக்கத்தையும் எழுதி வைத்திருக்கிறது. இடைசெவலில் பிறந்த கி.ரா. சம்சாரி வாழ்வின் நுட்பங்களை, அதன் கஞ்சத்தனத்தையும் சேர்த்தே, உள்ளிருந்து எழுதினார். 1982இல் அவர் தொகுத்த கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி அந்த உழவு உலகத்தின் சொற்களைக் காப்பாற்றியது. சோ.தர்மனின் 'சூல்' உருளைகுடிக் கண்மாயையும் அதைப் பேணிய ஊர் ஏற்பாட்டையும் பேசுகிறது. ஊர்ப்பொதுவுக்கு உழைத்தவருக்கு ஊர் தவசம் அளந்ததையும், அந்த ஏற்பாடு குலைந்தபோது கண்மாயும் குலைந்ததையும் ஒருசேரப் பார்க்க வைக்கும் நாவல் அது.

ஆனால் பூமணியின் 'பிறகு' (1979) படிக்காமல் களத்துப் பங்கைப் புகழ யாருக்கும் தகுதியில்லை என்பேன். ஊருக்குத் தோல் வேலை செய்யும் அழகிரியின் வாழ்வு அதில் விரிகிறது. தமிழில் ஒரு தோல் தொழிலாளியின் உலகம் அவ்வளவு நெருக்கமாக அதற்குமுன் எழுதப்படவில்லை. அவருடைய தவசத்துக்கு ஊர் பொறுப்பு. பதிலுக்கு எந்த நேரத்தில் எவர் கூப்பிட்டாலும் அவர் ஊருக்குப் பொறுப்பு. கொடுக்கும் அளவைப் பற்றி அவர் பேரம் பேச முடியாது. பொலிக்குப் பக்கத்தில் போய் நிற்கவே வரைமுறை உண்டு. பங்கு இருந்தது, பங்கை நிர்ணயிக்கும் பேச்சில் அவருக்கு இடம் இல்லை.

மழை பொய்த்த வருசத்தில் இந்த ஏற்பாடு எப்படி நடந்தது? பங்கு விளைச்சலைப் பொறுத்தது என்பதால் நட்டமும் பிரிந்தது. சம்சாரியின் குலுக்கை காலியானபோது தச்சரின் பானையும் காலியானது. இதை 'இடரைப் பகிர்ந்துகொண்டார்கள்' என்று எழுதிவிடலாம். ஆனால் விளைந்த வருசத்தில் பெரும்பங்கு பெறுகிறவரும் சிறுபங்கு பெறுகிறவரும் விளையாத வருசத்தை ஒரே நிலையில் எதிர்கொள்வதில்லை. நிலம் வைத்திருப்பவர் அதை அடகு வைக்கலாம். நார்ப்பெட்டி மட்டும் வைத்திருப்பவர் கொழும்புக்கோ தேயிலைத் தோட்டத்துக்கோ கப்பலேற வேண்டியிருந்தது.

6. புரட்டாசிப் பணம்

பருத்தி கரிசலைப் பணத்தோடு இறுகக் கட்டியது. அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்த 1861–65 ஆண்டுகளில் லங்காஷையருக்குப் பஞ்சுத் தட்டுப்பாடு வந்தபோது 'டின்னவெல்லி' என்று பெயர் பெற்ற இந்தப் பருத்திக்கு விலை ஏறியது. தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகும் வண்டித்தடங்கள் நிறைந்தன. அதோடு முன்பணமும் ஊருக்குள் வந்தது. விதைப்புச் செலவுக்குத் திண்டாடும் சம்சாரிக்கு வியாபாரி பணம் கொடுப்பார். விளைந்த பருத்தி அவருக்கே வர வேண்டும், பெரும்பாலும் அவர் சொன்ன விலைக்கே வர வேண்டும். கிறிஸ்டபர் பேக்கர் 1984இல் வெளியிட்ட தமிழக ஊர்ப்புறப் பொருளாதார வரலாற்றில், புஞ்சை வட்டாரங்களில் சந்தைப் பயிரும் கடனும் பிணைந்து நகர்ந்த விதத்தை விரிவாகக் காணலாம்.

வியாபாரி கொடுத்ததும் விதைப்புக்கு முந்திய பணம். பங்குப் பண்ணையின் உறுப்பினர் கட்டுவதும் விதைப்புக்கு முந்திய பணம். இரண்டும் சம்சாரியின் கைக்குப் புரட்டாசி விதைப்புக்காக வருகின்றன. வேறுபாடு மழையின் பக்கத்தில் இருக்கிறது. மழை பொய்த்தாலும் வியாபாரியின் கணக்கு நிற்கும். அடுத்த வருசத்துக்கு வட்டியோடு ஏறும். உறுப்பினரின் பணமோ மழையோடு போய்விடும். பங்குப் பண்ணையின் புதுமை கூட்டாக வேலை செய்வதிலோ இயற்கை உரத்திலோ இல்லை. முன்பணத்தை வைத்துக்கொண்டு நட்டத்தை மட்டும் பணம் கட்டியவர் பக்கம் திருப்பியதில் இருக்கிறது. ஐம்பது குடும்பம் சேர்ந்து இதைச் செய்தால் ஒரு சம்சாரி ஒரு வருசக் கடனிலிருந்து தப்பிக்கலாம். இந்த நன்மையை நான் குறைத்து மதிக்கவில்லை.

ஆனால் அந்தக் கணக்கில் பணம் கட்டியவர், நிலம் வைத்திருப்பவர் ஆகிய இரண்டு பேர்தான் இருக்கிறார்கள். பருத்தி எடுத்தவளைக் காணோம்.

7. சட்டம் எண்ணியவர்கள், எண்ணாதவர்கள்

சுதந்திரத்துக்குப் பின் விளைச்சல் பங்கைச் சட்டம் தொட்டது. 1952இல் தஞ்சாவூர்க் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1956ஆம் ஆண்டின் நியாயக் குத்தகைச் சட்டம் நிலச்சொந்தக்காரர் பெறக்கூடிய பங்கை நஞ்சைக்கு 40 விழுக்காடு என்றும் மானாவாரிப் புஞ்சைக்கு மூன்றில் ஒரு பங்கு என்றும் வகுத்தது. கீழ்வெண்மணிக் கொடுமைக்குப் பின் 1969இல் வந்த விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் அறுவடைக் கூலியை நெல்லாகவே நிர்ணயித்தது. அதுவும் தஞ்சைச் சீமையை மனதில் வைத்து எழுதப்பட்டதுதான். தஞ்சையில் பெரிய பண்ணைகளும் அவற்றை எதிர்த்து நின்ற வலுவான தொழிலாளர் சங்கங்களும் இருந்தன. கரிசலில் பெரும்பாலானோர் தாமே கூலிக்கும் போகும் சிறு சம்சாரிகள். யாரை எதிர்த்துச் சங்கம் கட்டுவது என்பதே தெளிவாக இல்லை. குத்தகைதாரரின் பங்கைப் பேசிய சட்டம் கரிசலுக்கும் பொருந்தியது; எடுப்பவளின் கூறைப் பேசிய சட்டம் கரிசலுக்கு வரவே இல்லை.

கூட்டுப் பண்ணை என்ற சிந்தனைக்கும் ஒரு கதை உண்டு. 1959 ஜனவரியில் நாக்பூரில் காங்கிரஸ் கூட்டுறவுக் கூட்டுப்பண்ணையத்தை ஏற்றுத் தீர்மானம் போட்டது. இராஜாஜி அதைக் கடுமையாக எதிர்த்தார். அதே ஆண்டு சுதந்திராக் கட்சி பிறந்ததற்கு அதுவும் ஒரு காரணம். தீர்மானம் ஏட்டோடு நின்றது. 2017–18இல் தமிழக அரசு 'கூட்டுப் பண்ணையம்' என்ற பெயரில் வேறொரு திட்டம் கொண்டுவந்தது. சிறு, குறு விவசாயிகள் நூறு பேரை ஓர் உற்பத்தியாளர் குழுவாக்கி, பண்ணைக் கருவிகள் வாங்கக் குழுவுக்கு 5 லட்சம் ரூபாய் தொகுப்பு நிதி கொடுத்தார்கள். இதில் நிலத்தையோ விளைச்சலையோ கூட்டாக்கவில்லை. கருவியும் கொள்முதலும்தான் கூட்டு. பயன் இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் குழுவில் சேர நிலம் வேண்டும். 2019 முதல் விவசாயக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் மத்திய உதவித்தொகையும் நிலத்தின் பெயரால் வருகிறது. 2016இல் தொடங்கிய பிரதமர் பயிர்க் காப்பீடு பயிரிட்டவருக்கு இழப்பீடு தருகிறது. அந்தப் பயிர் பொய்த்ததால் ஒரு மாதக் கொத்தை இழந்தவருக்கு அதில் காசு இல்லை. நிலத்தைப் பார்க்காமல் உழைப்பைப் பார்த்துக் கொடுத்த பெரிய ஏற்பாடு 2005ஆம் ஆண்டின் நூறு நாள் வேலைச் சட்டம் ஒன்றுதான்.

நிலமற்ற பெண்களை நடுவில் வைத்த முயற்சிகளும் இல்லாமல் இல்லை. 1994இல் தொடங்கிய தமிழ்நாடு பெண்கள் இணைப்புக் குழு, பெண்கள் கூட்டாக நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்துச் சிறுதானியம் விளைவிப்பதை ஊக்குவித்திருக்கிறது. கேரளத்தில் 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீயின் கீழ் பெண்கள் குழுக்கள் பெருமளவில் குத்தகை நிலத்தில் பயிரிடுகின்றன. பினா அகர்வால் 2018இல் வெளியிட்ட ஒப்பீட்டு ஆய்வில், கேரளத்தின் பெண்கள் குழுப் பண்ணைகள் ஒரு ஹெக்டேருக்கான ஆண்டு விளைச்சல் மதிப்பில் தனிக் குடும்பப் பண்ணைகளை விஞ்சின. தெலங்கானாவில் அவை விளைச்சலில் பின்தங்கினாலும் நிகர வருவாயில் ஈடுகொடுத்தன. கேரளக் குழுக்களுக்கு உள்ளாட்சி, வங்கி, பயிற்சி என்று பின்பலம் இருந்தது. தெலங்கானாவின் வறண்ட நிலம் நம் கரிசலுக்கு நெருக்கமானது. ஆகவே கேரள வெற்றியைக் காட்டி இங்கே வாக்குறுதி கொடுப்பதைவிடத் தெலங்கானாவின் அனுபவத்தைப் படித்துவிட்டு இறங்குவது நேர்மை.

8. இன்றைய காடு

கடந்த கால் நூற்றாண்டில் சோளக்காடுகளில் பெரும்பகுதி மக்காச்சோளக் காடாகிவிட்டது. அது மனிதர் தின்னப் போவதில்லை; கோழித்தீவனத்துக்குப் போகிறது. 2018இல் படைப்புழு வந்து அந்த நம்பிக்கையையும் உலுக்கியது. அறுவடையையும் கதிரடிப்பையும் இயந்திரம் செய்கிறது. அதற்கு மணிக்கணக்கில் வாடகை. தார்ச்சாலை ஓரம்தான் இப்போது களம். கம்பும் உளுந்தும் காயும் அந்தச் சாலையில் பொலிக்குப் பக்கத்தில் நார்ப்பெட்டியோடு யாரும் நிற்பதில்லை. அப்படி நிற்க வேண்டியிராதது பலருக்கு விடுதலை. அழகிரியின் பேரப்பிள்ளைகள் களத்தில் கைநீட்டுவதை எந்த மரபின் பெயராலும் திரும்பக் கேட்கக்கூடாது.

மிளகாய்ப் பழம் எடுப்பதும் பருத்தி எடுப்பதும் பெரும்பாலும் இன்னும் பெண்கள் கையால்தான் நடக்கின்றன. அதற்கு நாள் கூலி. பாசிப்பயற்று நெற்றை ஆய்வதற்கும் பல இடங்களில் ஆள்தான். விலை ஏறிய வருசத்தில் அந்தக் கூலியில் ஏற்றம் பெரிதாக இருப்பதில்லை. மழை பொய்த்த வருசத்தில் கூலியே இல்லை. லாபத்தில் பங்கு இல்லாமல் நட்டத்தில் மட்டும் பங்கு என்ற நிலைக்கு அவர்கள் வந்திருக்கிறார்கள். பழைய பருத்தி முற்றத்தில்கூட இப்படி இருக்கவில்லை.

9. பங்குப் பண்ணைக்கு ஒரு நிபந்தனை

கரிசலில் பங்குப் பண்ணை தொடங்க நினைப்பவர்கள் பருவத்தை இந்த மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். பணம் ஆவணிக் கடைசிக்குள் வர வேண்டும். தீபாவளிச் செலவு முடிந்தபின் நகரத்துக் குடும்பம் அனுப்பும் பணம் இங்கே விதைக்கு உதவாது. பங்கு மாசியில் ஒரே தடவையாகப் போக வேண்டும்: குதிரைவாலி, உளுந்து, பாசி, மல்லி, வத்தல். அளவைக் கிலோவில் உறுதி சொல்லக்கூடாது. மழை பொய்த்தால் வெறுங்கைதான் என்பதை உறுப்பினர் முதலிலேயே ஒத்துக்கொள்ள வேண்டும்.

பங்குகளை எழுதிவைக்கும் பங்கேட்டில் எடுப்பவர்களின் பெயர் இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியமான நிபந்தனை. நாள் கூலிக்கு மேல், எடுத்ததில் இத்தனைக்கு ஒன்று என்ற கூறு அவர்களுக்கு எழுத்தில் உறுதியாக வேண்டும். கடைசி எடுப்புக்கு விகிதம் கூட வேண்டும். பழைய முற்றத்துக்கு அந்த நியாயம் தெரிந்திருந்தது. கூறு வைப்பதும் அளப்பதும் எல்லார் கண்முன்னும் நடக்க வேண்டும். காப்பீட்டு இழப்பீடு வந்தால் அதில் ஒரு பகுதி வேலை இழந்தவருக்குப் போக வேண்டும் என்று பண்ணை தன் விதியிலேயே எழுதிக்கொள்ளலாம். எந்தச் சட்டமும் அதைத் தடுக்கவில்லை. விகிதத்தை நிர்ணயிக்கும் கூட்டத்தில் எடுப்பவர்கள் உட்கார்ந்து பேச வேண்டும்.

இதனால் உறுப்பினரின் பங்கு சுருங்கும் என்று ஒரு மறுப்பு வரும். சுருங்கத்தான் செய்யும். உண்பவரையும் உழவரையும் இணைக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு, வெயிலில் குனிந்து எடுத்தவரை நாள்கூலியோடு வெளியே நிறுத்துகிற ஏற்பாட்டுக்குச் 'சமூக' என்ற அடைமொழி பொருந்தாது. அது முன்பணம் கட்டிப் பெறும் மளிகை. கோவில்பட்டிப் பக்கம் வரும் புரட்டாசி விதைப்புக்காக இப்படி ஒரு பண்ணைக்குப் பணம் கட்ட நினைக்கும் வாசகர், கட்டுவதற்கு முன் பங்கேட்டை வாங்கிப் பார்க்கட்டும். எடுப்பவர்களின் பெயரும் அவர்கள் கூறின் விகிதமும் அதில் இல்லையென்றால், எழுதச் சொல்லிவிட்டுப் பணம் கட்டட்டும்.